மிதக்கும் குதிரையும் ஒரு பி.காம். பட்டதாரியும்!

எங்கள் வீட்டு பீரோவின் தலையில் பதினோரு வருடமாக ஒரு பிணம் கிடந்தது.

பதற வேண்டாம். கறுப்பு உறை, பக்கவாட்டில் ஜிப், மேலே பல்லி எச்சம், உள்ளே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியில் செய்த செகண்ட் ஹேண்ட் சரக்கு. இருபத்துமூன்று வயதில், முதல் போனஸ் கவரைப் பிரித்த கையோடு வாங்கியது. காலேஜில் கோட்டை விட்டதை ஆபீஸில் பிடித்துவிடலாம் என்று ஒரு வீராப்பு.

நாலே மாதம். இடது கை விரல் நுனிகள் தோசைக்கல்லில் ஒற்றி எடுத்த மாதிரி ஆகிவிட்டன. ரூம் மேட்கள் கூடி, "உனக்கு வராதுடா. அது விரலா, முருங்கைக்காயா?" என்று தீர்ப்பு வழங்க, நானும் அப்பீல் போகாமல் ஒப்புக்கொண்டு கிட்டாரை மேலே ஏற்றினேன். பிறகு கல்யாணம், வீட்டு லோன், இத்யாதி.

சமீபத்தில் அக்கா பையன் காலேஜில் சேர்ந்தான். பீரோவைப் பார்த்தான். "மாமா, இதை எடுத்துக்கவா?" என்றான். தாராளப் பிரபு மாதிரி எடுத்துக் கொடுத்தேன். கடைக்குப் போய்ப் புதுக் கம்பி போட்டான். மூன்றே வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் நேரத்துக்குக் கறுப்பு உறையோடு வாசலில் வந்து நின்றான்.

"நீங்களே வச்சுக்குங்க மாமா. எனக்கு வராது."

விரல் நுனிகளைக் காட்டினான். ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு கோடு.

எனக்கு இட்லி இறங்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. எனக்கு வராது, சரி. இவனுக்குமா? பையன் நன்றாகப் பாடுவான். தாளம் தப்பாது. இரண்டு தலைமுறைக்கு ஒரே நோய் என்றால், நோய் விரலிலா, கிட்டாரிலா?

உறையைப் பிரித்து, கம்பிகளைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். வாசல் கொடிக்கம்பி தோற்றது போங்கள்! ஆபீஸ் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, பதினேழாவது மெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை அளந்தேன். நாலு மில்லிமீட்டர். இந்த ஜாதி கிட்டாருக்கு ஃபெண்டர் கம்பெனி சிபாரிசு செய்கிற உயரம், விரல்பலகையின் வளைவைப் பொறுத்து, 1.6-லிருந்து 2 மில்லிமீட்டர். நாங்கள் இருவரும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உயரத்திலிருந்து கம்பியை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்!

வலி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கம்பி உயரமாக இருந்தால், அமுக்கும்போது அது கூடுதலாக இழுபடும். இழுபட்டால் சுருதி ஏறும். திறந்த கம்பியை ஒழுங்காகச் சேர்த்து வைத்திருப்பீர்கள். விரலை வைத்ததும் அபஸ்வரம். 'விரலும் சரியில்லை, காதும் சரியில்லை' என்று பையன் முடிவுகட்டியதில் என்ன தப்பு?

"டேய், ரெண்டு வாரம் டயம் குடு" என்றேன்.

அவன் என்னை நம்பின மாதிரி தெரியவில்லை. இட்லியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அன்று மதியமே களத்தில் குதித்தேன்.

கிட்டாரில் கம்பிகள் வந்து உட்காரும் பகுதியை இங்கிலீஷில் பிரிட்ஜ் என்கிறார்கள். நம் வீணை வித்வான்கள் அதைக் குதிரை என்பார்கள். அந்தப் பிரிட்ஜின் மேல் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு குட்டி உலோகத் துண்டு. அதற்குப் பெயர் சேடில், அதாவது சேணம். பாலத்துக்கு எதற்கு ஸார் சேணம்? குதிரைக்கு என்றால் நியாயம். ஆக நம்மவர்கள் வைத்த பெயர்தான் பொருத்தம் என்பது என் கட்சி.

சேணம் ஆறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு குட்டி ஸ்க்ரூ. ஆக மொத்தம் பன்னிரண்டு. ஆலன் கீ போட்டுத் திருகினால் சேணம் ஏறும், இறங்கும். (வெளிநாட்டுக் காப்பி மாடல்களுக்குப் பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர் கீ. அமெரிக்க அசலுக்கு 0.050 அங்குலம். மாற்றிப் போட்டுத் திருகினால் ஸ்க்ரூவின் காது தேய்ந்து வழுக்கிவிடும். அப்புறம் நீங்களாச்சு, அதுவாச்சு.) இவ்வளவுதானே என்று பன்னிரண்டையும் திருகினேன். சேணங்கள் இறங்கின, இறங்கின, தரை தட்டின. ஸ்க்ரூக்களின் தலை மேலே நீட்டிக்கொண்டு உள்ளங்கையை நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. கம்பியோ இன்னும் மூன்று மில்லிமீட்டர் உயரத்தில்.

அப்போதுதான் கவனித்தேன். குதிரையே பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது! மொத்தப் பிரிட்ஜும் முன்பக்கமாகச் சாய்ந்து, பின்புறம் ஒரு விரல் நுழைகிற இடைவெளி. கிட்டாரை வாங்கின நாளிலிருந்து அது அப்படித்தான் இருந்தது. ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதுகுப்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே மூன்று ஸ்பிரிங்குகள். ஒரு முனை குதிரையின் வயிற்றிலிருந்து தொங்கும் உலோகக் கட்டியில் மாட்டியிருக்கிறது. மறுமுனை நகம் மாதிரி ஒரு தகட்டில். அந்தத் தகட்டை மரத்தோடு பிடித்திருப்பவை இரண்டு நீள ஸ்க்ரூக்கள். அவற்றை இறுக்கினால் குதிரை படுத்துவிடும் என்று புரிந்தது. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நாலு சுற்றுச் சுற்றினேன்.

டங்!

முதல் கம்பி அறுந்து மூக்குக்கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி போட்டவன் என்பதால் தப்பினேன். மிச்சம் இருந்த ஐந்து கம்பிகளைத் தட்டிப் பார்த்தால் எல்லாம் கீச்சுக் குரலில் கத்தின. ஐந்தாவதைச் சரி பண்ணினால் மூன்றாவது கலைகிறது. மூன்றாவதைப் பிடித்தால் ஆறாவது ஓடுகிறது. ராத்திரி பதினொன்றரைக்கு மனைவி வந்து, "கிட்டார் வாசிக்கிறதுக்கு முன்னாடியே இவ்வளவு சத்தமா?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் ஆபீஸில் ஒரு பேங்க் ரெகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட்டுடன் மல்லுக்கட்டும்போதுதான் பொறி தட்டியது. அடடா, அந்தக் குதிரை மிதக்கிறது! எதிலும் கட்டிப் போடவில்லை. ஒரு பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கின்றன. மறுபக்கம் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன. இரண்டும் சமமாகிற இடத்தில் குதிரை நிற்கிறது. பற்று, வரவு. ஒரு பக்கம் ஒரு என்ட்ரியை மாற்றினால் மறுபக்கமும் மாறியே ஆக வேண்டும். ஆறாவது கம்பியை முறுக்கினால் குதிரை கொஞ்சம் முன்னால் சாய்கிறது, மற்ற ஐந்தும் தளர்கின்றன. ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங்குகள் ஜெயித்துவிடுகின்றன, மிச்சம் ஐந்தும் இறுகிக் கத்துகின்றன. இது சங்கீதம் இல்லை ஸார், டபுள் என்ட்ரி!

இதைக் கண்டுபிடித்த மனிதரைப் பற்றித் தேடிப் படித்தபோது சிலிர்த்துவிட்டது. லியோ ஃபெண்டர். 1909-ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். ஃபுல்லர்ட்டன் ஜூனியர் காலேஜில் என்ன படித்தார் தெரியுமோ? அக்கவுண்டன்ஸி! நம்ம ஆள்! கணக்கெழுதித்தான் பிழைத்திருக்கிறார். முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் வேலை போக, 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். அங்கிருந்து ஆம்ப்ளிஃபயர், பிறகு கிட்டார். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். முதலில் செய்து பார்த்த அதிர்வு அமைப்பு திருப்தியாக இல்லாததால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த ஸ்பிரிங் தராசை உருவாக்கினார்கள். 1991-ல் சாகிற வரை அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்களை வைத்துத்தான் சோதித்துப் பார்ப்பாராம்.

(ஒரு சின்னத் தவறும் செய்திருக்கிறார். கைப்பிடியை ஆட்டினால் சுருதி ஏறி இறங்குவதற்குச் சரியான பெயர் விப்ராட்டோ. ஒலி கூடிக் குறைவதற்குத்தான் ட்ரெமலோ. லியோ கிட்டாரில் இருப்பதை ட்ரெமலோ என்றும், தன் ஆம்ப்ளிஃபயரில் இருந்ததை விப்ராட்டோ என்றும் மாற்றி எழுதிவிட்டார். தலைப்பு மாறிய லெட்ஜர். உலகம் இன்றுவரை அதைத் திருத்தவில்லை.)

கணக்கு என்று தெரிந்த பிறகு எனக்கு பயம் போய்விட்டது. தப்பு எங்கே என்று வரவு செலவு பார்த்தேன். அக்கா பையனுக்கு போன் செய்து, "என்ன கம்பி போட்டே?" என்றேன்.

"பத்து நம்பர், மாமா. கடையில அதுதான் சவுண்டு கும்முனு வரும்னாங்க."

இங்கேதான் விஷயம். ஒன்பது நம்பர் செட் என்றால் முதல் கம்பியின் தடிமன் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு. அந்த செட்டின் ஆறு கம்பிகளும் சுருதியில் நிற்கும்போது மொத்தமாகச் சுமார் 38 கிலோ இழுக்கின்றன. பத்து நம்பர் செட் ஏறக்குறைய 47 கிலோ. ஒரே ஒரு நம்பர்தான் வித்தியாசம். ஆனால் எட்டு, ஒன்பது கிலோ கூடுதலாக இழுக்கிறது. அந்தப் பக்கம் பற்று எழுதியவர்கள் இந்தப் பக்கம் வரவு வைக்கவில்லை, ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை. குதிரை பின்னங்காலைத் தூக்காமல் என்ன செய்யும்? பையன் புதுக் கம்பி போட்டு, ஏற்கெனவே சாய்ந்திருந்ததை இன்னும் சாய்த்திருக்கிறான்.

ஒன்பது நம்பர் செட் ஒன்று வாங்கிக்கொண்டு, இரண்டாவது ஞாயிறு உட்கார்ந்தேன். இந்த முறை அடிதடி இல்லாமல், ஆடிட்டர் தோரணையில்.

முதலில் கழுத்து. கிட்டாரின் கழுத்து லேசாக முன்னால் வளைந்திருக்க வேண்டும். முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் ஒரே சமயத்தில் அமுக்கிக்கொண்டு எட்டாவது மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பார்க்க வேண்டும். கால் மில்லிமீட்டர் இருந்தால் போதும். தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் டாப்பெட் செட் பண்ணுகிற ஃபில்லர் கேஜ் இருந்தது, அதைக் கடன் வாங்கினேன். "எந்த வண்டி சார்?" என்றார். கிட்டார் என்றதும் வினோதமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். என் கிட்டாரின் கழுத்து தப்பித்தது. உங்களுடையது வளைந்திருந்தால், உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும். முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். அது தெரிந்தவர் கையால் ஆக வேண்டிய காரியம்.

அடுத்தது குதிரை. ஃபெண்டர் கணக்குப்படி குதிரையின் பின்விளிம்பு மரத்திலிருந்து ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று மில்லிமீட்டர் சொச்சம் உயர்ந்திருக்க வேண்டும். மிதக்கிற ஒன்றை மூன்று மில்லிமீட்டரில் எப்படி நிறுத்துவது? ஒன்றைத் தொட்டால் ஆறும் ஆடுகிறதே?

கணக்கு டாலி ஆகாவிட்டால் நாம் என்ன செய்வோம்? வித்தியாசத்தைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டுவிட்டு மேலே போவோம் இல்லையா? இங்கேயும் அதேதான்! என் டிராயரில் காலாவதியான ஏ.டி.எம். கார்டுகள் நாலு இருந்தன. ஒரு கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். நாலு கார்டு 3.04. லியோ ஃபெண்டரே வந்து அளந்து கொடுத்த மாதிரி!

கம்பிகளை நன்றாகத் தளர்த்தினேன். (போன வாரம் விட்ட கோட்டை இதுதான்.) தடித்த கம்பிகளைக் கழற்றி ஒன்பது நம்பர் செட்டை மாட்டினேன். குதிரையின் பின்விளிம்புக்கு அடியில் நாலு கார்டையும் அடுக்கிச் செருகினேன். பின்பக்க ஸ்பிரிங் ஸ்க்ரூக்களைத் தேவைக்கு மேலேயே இறுக்கினேன். குதிரை கார்டுகளின் மேல் சப்பென்று உட்கார்ந்துவிட்டது. இப்போது அது மிதக்கவில்லை. கம்பிகளைச் சுருதி சேர்த்தால், ஆச்சரியம், ஒன்றைத் திருகினால் மற்றது கலையவே இல்லை. ஆறும் ஐந்து நிமிடத்தில் சேர்ந்துவிட்டன.

அப்புறம்தான் ரசமான இடம். ஸ்பிரிங் ஸ்க்ரூக்களை இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மெதுவாகத் தளர்த்திக்கொண்டே கார்டுகளை அசைத்துப் பார்க்க வேண்டும். முதலில் அசையாது. இன்னும் கொஞ்சம். அசையாது. ஒரு கட்டத்தில் கார்டுகள் வெண்ணெயில் கத்தி மாதிரி நழுவிக்கொண்டு வெளியே வந்தன. குதிரை அதே மூன்று மில்லிமீட்டரில், அந்தரத்தில் நின்றது. கம்பியைத் தட்டினேன். சுருதி கலையவில்லை. சஸ்பென்ஸ் அக்கவுண்ட் நில்! அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட பரவசம், மார்ச் 31 ராத்திரி பேலன்ஸ் ஷீட் டாலி ஆனவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

(கம்பியும் ஸ்பிரிங்கும் கிலோவுக்குக் கிலோ சமம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நெம்புகோலில் இரண்டும் பிடித்திருக்கும் தூரம் வேறு வேறு. திருப்புவிசைதான் சமம். சயின்ஸ் குரூப்காரர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

குதிரை படிந்த பிறகு சேணம் வெறும் அரை மணி வேலை. கம்பி கம்பியாக, பதினேழாவது மெட்டில் ஸ்கேல் வைத்து, மெல்லிய கம்பிக்கு 1.6, தடித்த கம்பிக்கு 2 என்று வைத்தேன். நடுக் கம்பிகள் விரல்பலகையின் வளைவை ஒட்டிக் கொஞ்சம் உயர்ந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு சுருதியைத் திரும்பச் சேர்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் அளந்தது பொய். ஒவ்வொரு மெட்டிலும் வாசித்துப் பார்த்தேன். எங்கேயாவது 'ட்ர்ர்ர்' என்று கம்பி மெட்டை உரசினால் அந்தச் சேணத்தை ஒரு பொட்டு ஏற்றினேன். பேராசைப்பட்டு ஒரு மில்லிமீட்டருக்கு இறக்கினால், கையால் வருடினாலே வாசிக்கலாம். ஆனால் தகர டப்பா சத்தம்தான் வரும்.

உங்கள் கிட்டாரில் இருப்பது ஃப்ளாய்ட் ரோஸ் வகைப் பூட்டுக் குதிரை என்றால் கதை கொஞ்சம் வேறு. நகை செய்யத் தெரிந்த கிட்டாரிஸ்ட் ஃப்ளாய்ட் ரோஸ் உருவாக்கி 1979-ல் பேட்டன்ட் வாங்கியது அது. எட்டி வான் ஹேலன் ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்டு பிரபலமாக்கினார். அதில் சேணத்துக்குத் தனித்தனி உயர ஸ்க்ரூ கிடையாது. இரண்டு தூண்களின் மேல் கத்திமுனையில் நிற்கும் மொத்தக் குதிரையையும் தூணைத் திருகித்தான் ஏற்றி இறக்க வேண்டும். கம்பிகள் முறுக்கேறி இருக்கும்போது தூணைத் திருகினால் அந்தக் கத்திமுனை மழுங்கும். மழுங்கினால் அப்புறம் சுருதி என்றைக்கும் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஆகவே முதலில் நட் பூட்டைத் திறந்து, கம்பியைத் தளர்த்தி, பிறகு திருகுங்கள்.

'இந்த ஆட்டமே வேண்டாம், எனக்குக் கைப்பிடி உபயோகமில்லை' என்கிறவர்களுக்கும் வழி உண்டு. எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் முதுகுக் குழிக்குள் ஒரு மரக்கட்டையை வைத்துக் குதிரையை அசையாமல் அடைத்தேவிட்டார். அவர் குடிமுழுகிப் போய்விடவில்லை. கற்றுக்கொள்கிற பையன்களுக்கு முதல் ஒரு வருடம் இதுதான் நல்லது என்பது என் அபிப்ராயம். ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் நிற்கும்.

மூன்றாவது ஞாயிறு அக்கா பையன் வந்தான். வாசலிலேயே, "சும்மா பார்த்துட்டுப் போறேன் மாமா" என்றான். கையில் கொடுத்தேன். வேண்டாவெறுப்பாக ஒரு கார்டு பிடித்தான். ஸாரி, இந்தத் தடவை ஏ.டி.எம். கார்டு இல்லை, மூன்று விரல் வைத்து வாசிக்கிற 'டி' கார்டு. தடவினான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

சாப்பிடக் கூப்பிட்டோம். வரவில்லை. நாலு மணிக்கு அக்கா போன் செய்தாள். "என்னடா, அங்கேயே இருக்கானா? நாளைக்கு அவனுக்கு இன்டர்னல் எக்ஸாம்டா!"

ஆறு மணிக்கு உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். நான் மெல்ல ஆரம்பித்தேன். "டேய், போன மாசம் என்னையே வச்சுக்கச் சொன்னியே... நானும் ஒரு ரெண்டு நாள் வாசிச்சுப் பார்த்துட்டு..."

"நீங்க பதினோரு வருஷம் வச்சிருந்தீங்களே, மாமா!" என்று சொல்லிவிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

ஆலன் கீயையும் நாலு ஏ.டி.எம். கார்டையும் உறையின் பக்கவாட்டுப் பையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். அடுத்த தடவை கடையில் யாராவது பத்து நம்பர் கம்பி என்று ஆரம்பித்தால், ஸ்பிரிங்கை என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பீரோ மேல் இப்போது காலியாக இருக்கிறது. மனைவி அங்கே பழைய மிக்ஸியை வைக்கலாம் என்கிறாள். நான் கொஞ்ச நாள் பொறு என்று சொல்லியிருக்கிறேன். முதல் தேதி சம்பளம் வரட்டும், பார்க்கலாம்.